ஓரின் ஸ்காரும் ஒரு டாங்க் டீசலும்

சினூக் ஊரில் நெடுஞ்சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேற்கிலிருந்து பத்துப் பதினைந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வந்தால், யாராவது செத்துப் போய்விட்டார்களா என்று முதலில் பார்ப்பார்கள். அது இல்லையென்றால் முன்னால் வருவது ஓரின் ஸ்கார்தான் என்று முடிவுசெய்து தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

இந்தப் பக்கத்தில் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினால் அது வணக்கம். ஓரினைத் தாண்டிப் போகும் உள்ளூர்க்காரர்கள் அந்த விரலைத் தூக்குவார்கள். வெளியூர்க்காரர்கள் தூக்கும் விரல் வேறு. ஓரின் இரண்டு சாராருக்கும் ஒரே மாதிரி ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பதில் வணக்கம் வைப்பார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

காலையில் கோதுமைக் கிடங்கின் அலுவலகத்தில் காபிக்குக் கூடுகிறவர்களுக்கு அவர் இல்லாமல் பொழுது போகாது. "என்னப்பா ஓரின், போன வாரம் கிளம்பினவன் இப்பத்தான் வந்து சேர்றியா" என்பார் ஒருவர். அவர் வண்டி டீசலைக் குடிப்பதே இல்லை, மோந்து பார்த்தே ஓடிவிடுகிறது என்பார் இன்னொருவர். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு அந்த இன்னொருவரே தனியாக வந்து, குதிரை டிரெய்லரை இழுத்தால் தன் வண்டி ஏன் அப்படிக் குடிக்கிறது என்று மெல்லக் கேட்பார். ஓரின் வெளியே போய் டிரெய்லரின் சக்கரங்களைச் சுற்றி வருவார். புறங்கையை ஒவ்வொரு சக்கரக் குடத்தின்மீதும், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல, வைத்துப் பார்ப்பார். ஒன்று மட்டும் சூடாக இருக்கும். "இதுல பிரேக் விடாம பிடிச்சிருக்கு. நீ முன்னால இழுக்கிற, இது பின்னால இழுக்குது" என்பார். அவ்வளவுதான். காபி குடிக்கக்கூட உள்ளே திரும்ப மாட்டார்.

அவருடைய அப்பா ஹால்வர் இதற்கு நேர் எதிர். எப்போதும் தாமதமாகக் கிளம்பி, அதை வழியிலேயே ஈடுகட்டப் பார்ப்பவர். ஹால்வரின் வண்டி போய் நிற்கும் இடத்தில் டயர் வாசனை முதலில் வரும், ஆள் பிறகுதான் இறங்குவார். மகனும் அப்படித்தான் ஆரம்பித்தார். பத்தொன்பது வயதில் பண்ணைக்காரர்களுக்காக மாடு ஏற்றி இழுக்கத் தொடங்கிய முதல் இலையுதிர் காலத்தில், ஒரு வளைவில் பிரேக்கை அழுத்தியபோது பின்னால் ஒரு கன்று விழுந்தது. விழுந்த கன்றின்மீது மற்றவை கால் வைத்தன. இறக்கும்போது அது எழுந்து நின்றுவிட்டது, நொண்டவும் இல்லை. ஆனாலும் அது விழுந்த சத்தம், டிரெய்லரின் தகரத்தில் ஒரு மூட்டை மோதியதுபோல, அவர் முதுகுக்குள் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பின்னால் நிற்கிற மாட்டை மனதில் வைத்தே ஓட்டினார். வளைவு வருவதற்கு வெகு முன்பே காலை எடுத்துவிடுவார். இறக்கத்தில் சேர்ந்த வேகத்தை அடுத்த ஏற்றத்துக்குக் கொடுப்பார். மிதியை அவர் மிதிப்பதில்லை, அதன்மேல் காலை வைத்திருப்பார். சில மாதங்களுக்குப் பிறகுதான் டீசல் முன்புபோல் தீர்வதில்லை என்பதைக் கவனித்தார். அதைத் தேடி அவர் போகவில்லை. மாடுகள் விழாமல் இருக்க ஓட்டினார், மைலேஜ் கூடவே வந்தது. இதற்குச் சிக்கனம் என்பது சரியான பெயர்தானா என்று அவருக்கே சந்தேகம் உண்டு.

டெல்ஃபின் அவரைத் தேடி வந்தபோது ஓரினுக்கு நாற்பது நெருங்கியிருந்தது. அஷூர் குடும்பத்துப் பெண். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே பால் ஆற்றின் கரையில் தேனீ வளர்த்து வந்தாள். வசந்தத்தில் தன் பெட்டிகளை வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் தோட்டங்களுக்குக் கொண்டுபோய், பூ முடிந்ததும் இங்கே தீவனப்புல் பூக்கிற நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முந்தைய வருடம் இழுத்துப்போன ஆள் வேகப் பேர்வழி. பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்து, உள்ளே அடை பெயர்ந்து விழுந்து, சில பெட்டிகளில் ராணியே நசுங்கிப் போயிருந்தது.

முதல் பயணத்தில் போக வர அவள் அதிகம் பேசவில்லை. வீடு வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"நீங்க எப்பவுமே இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"ஆமா."

"அப்ப அடுத்த வருஷமும் நீங்களே வாங்க."

அடுத்த வருடமும் வந்தார், அதற்கடுத்த வருடமும் வந்தார். வேறு யாராவது ஓட்டியிருந்தால் அந்த வழியில் பேச்சு முடிவதற்குள் ஊர் வந்திருக்கும். இவர்களுக்குப் பேசுவதற்கு நேரம் இருந்தது, பேசாமல் இருப்பதற்கும் இருந்தது. "இந்த ஆளு மட்டும் எழுபது மைல் வேகத்துல போயிருந்தா நான் இன்னமும் அஷூர்தான்" என்று கல்யாணத்துக்குப் பிறகு டெல்ஃபின் தன் அக்கா தங்கைகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தேனீயோடு போகும்போது ஒரு சங்கடம் உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்றுக்குப் பயந்து அவை பெட்டிக்குள்ளேயே இருக்கும். இருட்டில் நின்றாலும் வெளியே வராது. பகல் வெயிலில் வண்டி நின்றால்தான் வினை. ஊர் வந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பும். மேலே வலை போட்டிருந்தாலும் ஓரத்தில் இடுக்குக் கண்டுபிடித்துப் பறந்துவிடும். நாம் கிளம்பிய பிறகு திரும்பி வந்து பார்த்தால் அவற்றுக்கு வீடு இருக்காது. வழியோ ஓர் இரவுக்குள் முடியாத நீளம். அதனால் அந்தியில் ஏற்றி, இரவெல்லாம் ஓட்டி, மிசூலாவில் விடிவதற்குள் டாங்கை நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து ரோஜர்ஸ் கணவாய் ஏறி இறங்கி, கிரேட் ஃபால்ஸ் தாண்டி, ஹேவர் தாண்டி, சினூக் வரை ஒரே டாங்கில் வந்துவிட வேண்டும். அந்தச் சுமையை இழுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறும் வண்டிக்கு அது போதும் என்றும் சொல்ல முடியாது, போதாது என்றும் சொல்ல முடியாது. கூடுதலாக ஒரு டீசல் டாங்க் வைத்தால் அதன் எடைக்குச் சில பெட்டிகளை விட்டுவிட்டு வர வேண்டும். எந்தப் பெட்டியை விடுவது என்று டெல்ஃபினிடம் கேட்கும் துணிச்சல் ஓரினுக்கு இருந்ததில்லை.

எல்லா வருடமும் போதுமாயிருந்தது, போன வருடம் போதவில்லை. அன்று கிழக்குக் காற்று, முகத்துக்கு நேராக. கணவாயிலிருந்து இறங்கும்போதே டீசல் முள் கீழே போய்விட்டது. கிரேட் ஃபால்ஸ் எல்லையில் உச்சி வெயிலில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்த வேண்டியதாயிற்று. டீசல் குழாய் ஒன்றே ஒன்றுதான் வேலை செய்தது, அதற்கும் வரிசை. இப்படி நிற்க நேர்ந்தால் தெளிப்பதற்கென்று வண்டியின் பின்புறத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் குழாயும் எப்போதும் வைத்திருப்பார்கள். ஈரம் பட்டால் மழை என்று நினைத்துத் தேனீக்கள் உள்ளே போய்விடும். காத்திருந்த நேரத்துக்கு அந்தத் தண்ணீர் பாதிப் பெட்டிகளுக்குக்கூடக் காணவில்லை. முறை வந்து டீசல் போட்டு முடிப்பதற்குள் பங்கின் கூரைக்கடியில் பழுப்பாக ஒரு திரள் தொங்கியது. ஓரின் தன் தொப்பியைக் கழற்றி, எட்டிய கொத்தை அதில் வழித்து எடுத்துக்கொண்டு, பங்குக்காரர் கத்தக் கத்தக் கிளம்பினார். மிச்சம் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

டெல்ஃபின் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஹேவர் வரும்வரை பேசவில்லை, வீட்டுக்கு வந்தும் வேறு எதையோதான் பேசினாள். திட்டியிருந்தால் ஓரின் அன்று இரவே தூங்கியிருப்பார். அந்த மௌனம் அவருக்குள் ஒரு வருடமாக உட்கார்ந்திருந்தது.

இந்த வருடம் பகலில் நிற்பதில்லை என்று அவர் யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்தார்.

குளிர்காலம் முழுவதும் அதே வேலைதான். சக்கரத் தாங்கிகளைப் பிரித்துப் புதுக் கிரீஸ் வைத்தார். டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிவிட்டுக் கையால் சுற்றி, எங்கேயும் உரசாமல் தானாக ஓய்ந்து நிற்கிறவரை பிரேக்கைத் திருத்தினார். காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் மாற்றினார். வண்டியின் முகத்தில் மான் முட்டாமல் இருக்கப் போட்டிருந்த இரும்புச் சட்டத்தைக்கூடக் கழற்றிவிட்டார். அதைப் பார்த்துக் கோதுமைக் கிடங்கே சிரித்தது. "மான் வந்தா என்ன பண்ணுவ?" என்றார்கள். "நான் போற வேகத்துக்கு அது நின்னு யோசிச்சிட்டே தாண்டும்" என்றார் ஓரின்.

மே மாத நடுவில் ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்ப் பெட்டிகளை ஏற்றியபோது அவர் கை ஓயவில்லை. முன்வரிசையில் உயரம் குறைந்த பெட்டிகளையும் பின்னால் போகப்போக உயரமானவற்றையும் அடுக்கினார், காற்று முட்டாமல் ஏறி வழிந்து போகட்டும் என்று. வலையைப் போட்டுப் பட்டைகளால் இறுக்கினார். சாதாரணமாக எல்லோரும் வலை நழுவாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஓரின் அதைத் தட்டினால் சத்தம் வருகிற அளவுக்கு இழுத்துக் கட்டினார். படபடக்கிற வலை வண்டிக்குப் பின்னால் விரித்த குடை மாதிரி, அதையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். டயர்கள் ஆறியிருக்கும்போதே காற்றை முழு அளவுக்கு ஏற்றினார். கடைசியாக, தண்ணீர்த் தொட்டியின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினார். தோட்டக்காரர் யூசேபியோ ஒரு பக்கம் பிடிக்க, தொட்டியை இறக்கி அவருடைய கொட்டகையில் வைத்தார்.

டெல்ஃபின் முகமூடி வலையைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள்.

"தொட்டி எங்க?"

"நிரப்பினா எவ்வளவு கனம் தெரியுமா? அதை இழுக்கத்தான் போன வருஷம் டீசல் போச்சு. நிக்கவே போறதில்ல, தண்ணி எதுக்கு?"

"ம்" என்றாள் டெல்ஃபின். அவளுடைய "ம்" ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. இது எது என்று ஓரினுக்குப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டாம் என்றும் இருந்தது.

மிசூலாவில் டாங்கை நிரப்பும்போது கிழக்கு லேசாகத்தான் வெளுத்திருந்தது. ஓரின் டிரெய்லரைச் சுற்றி வந்து புறங்கையால் ஒவ்வொரு குடமாகத் தொட்டார். எல்லாம் ஒரே மிதமான சூடு. நிமிர்ந்து நின்று முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்தார். மேற்கிலிருந்து, முதுகைத் தள்ளுகிற காற்று. குழந்தையைப்போலச் சிரித்தார்.

கணவாய் வரை பிளாக்ஃபுட் ஆற்றோரமாக ஏறியபோது ஏசி போடவில்லை. ஏசி டீசலைக் குடிக்கும். ஜன்னலும் திறக்கவில்லை, திறந்தால் காற்று உள்ளே புகுந்து இழுக்கும். வெயில் ஏற ஏற வண்டிக்குள் வேர்த்துக் கொட்டியது. டெல்ஃபின் ஒரு பழைய விதைப் பட்டியலை விசிறியாக்கிக்கொண்டாள், தனக்கு நான்கு வீச்சு, ஓரினுக்கு ஒரு வீச்சு என்று.

"கிழவா, நாம போய்ச் சேரும்போது தேனீ உயிரோட இருக்கும். நாம வெந்திருப்போம்."

"கொஞ்ச நேரந்தான், டெல்."

"இருபது வருஷமா கொஞ்ச நேரந்தான்."

ஆனாலும் அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. ஓரின் அதைக் கவனித்தார்.

கணவாய் உச்சியைக் கடந்து சமவெளியில் இறங்கியதும் வண்டி தானாகப் போவதுபோல் போயிற்று. பின்னாலிருந்து காற்று தள்ள, வலை ஒரு முனகல்கூட இல்லாமல் இருந்தது. போன வருடம் முள் கீழே தொட்ட இடத்தில் இந்த வருடம் பாதிக்கு மேலேயே நின்றது. அந்தப் பங்கைக் கடந்தபோது ஓரின் அதைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டார். படகு ஒன்றை இழுத்துக்கொண்டு சிவப்பு வண்டியில் ஒருவன் அவர்களைத் தாண்டினான், வேறு விரலைக் காட்டியபடி. ஓரின் வணக்கம் வைத்தார். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார்.

லோமா தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஆரஞ்சுப் பலகைகள் வந்தன.

முதல் பலகையைப் பார்த்ததுமே அவருடைய கால் மிதியிலிருந்து எழுந்துவிட்டது. சாலை வேலை. பனி உருகினதும் இந்த மாநிலத்தில் எங்கே எப்போது தோண்டுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்தும் குளிர்காலம் முழுவதும் யோசித்த மனுஷனுக்கு இது ஒன்று மட்டும் தோன்றவேயில்லை. நிற்பதென்றால் டீசலுக்காகத்தான் நிற்க வேண்டும் என்று ஒரு எண்ணம். தூரத்தில் வரிசை நின்றுகொண்டிருந்தது. முடிந்த மட்டும் மெதுவாக ஊர்ந்து பார்த்தார், வரிசை நகர்ந்துவிடாதா என்று. நகரவில்லை. நின்றார். அவருக்கு நேர் முன்னால் நின்றது அந்தப் படகு.

நின்ற வேகத்தில் பின்னாலிருந்து சத்தம் மாறியது. ஓடும்போது இல்லாத ரீங்காரம் மெல்ல ஏறியது. பக்கத்துக் கண்ணாடியில் ஒரு புள்ளி தெரிந்தது, பிறகு பத்து.

ஓரின் இறங்கி நேராக வண்டியின் பின்புறத்துக்குப் போனார். பழக்கத்தில் கை குழாயைத் தேடிப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. துடைத்து வைத்த தகரத்தில் நான்கு போல்ட் துளைகள் மட்டும் இருந்தன. அவர் அந்தத் துளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். டீசல் இருந்தது, வீடு வரை போய் இன்னும் வெகுதூரம் போகிற அளவுக்கு. அது இப்போது எதற்கும் ஆகாது. எதை மிச்சம் பிடிக்க எதை இறக்கி வைத்தோம் என்று நினைக்கும்போது கன்று விழுந்த அந்தச் சத்தம் மறுபடி முதுகில் கேட்டது.

டெல்ஃபின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேன், டெல்."

"தெரியும். குடிக்கிற தண்ணிக் குடுவையை எடு."

குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஓரின் உள்ளங்கையில் ஊற்றி வெயில் படும் பக்கத்து வலைமீது விசிறினார். அது முதல் வரிசையின் முதல் பெட்டியோடு தீர்ந்துபோயிற்று. காபியையும் தெளித்தார். டெல்ஃபின் அதற்குள் வரிசையின் முனையை நோக்கி நடந்துவிட்டிருந்தாள், ஓடாமல், ஆனால் அவள் அவ்வளவு வேகமாக நடந்து ஓரின் பார்த்ததில்லை.

முனையில் வண்டிகளை நிறுத்தும் பலகைக் கம்பத்தோடு நின்றவள் ஷாவ்னா என்ற இளம்பெண். கம்பத்தின் மேல் பலகையில் ஒரு பக்கம் நில், மறுபக்கம் மெதுவாகப் போ. ஒற்றை வழியில் வரிசையைக் கூட்டிப்போகும் வழிகாட்டி வண்டி இப்போதுதான் போயிருப்பதாகவும் திரும்பிவர அரை மணி ஆகலாம் என்றும் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் தேனீ அவளுடைய பளிச்சென்ற மஞ்சள் சட்டையில் வந்து உட்கார்ந்தது. அடுத்து வந்தவை பலகையைப் பிடித்துக்கொண்டன. சற்று நேரத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கூட்டம், 'நில்' என்ற எழுத்தின்மேல்.

"அம்மா," என்றாள் ஷாவ்னா, உதடு அசையாமல். "நான் இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாத, கண்ணு. நீ பூ இல்லன்னு அதுங்களுக்கே புரிஞ்சிடும். இங்க புழுதிக்குத் தண்ணி அடிக்கிற லாரி இருக்குமே?"

"எல்டன் இருக்கார், மேட்டுக்கு அந்தப் பக்கம்."

"கூப்பிடு."

ஷாவ்னா ஒரு கையில் கம்பத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் ரேடியோவை எடுத்தாள். இங்கே தேனீ வந்திருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்று அவள் சொன்னதை எல்டன் முதலில் நம்பவில்லை. ஒழுங்காக வேலையைப் பார் என்றார். டெல்ஃபின் ரேடியோவை வாங்கினாள்.

"நான் டெல்ஃபின், பாட்டில்ல அஷூர்னு போட்டிருக்குமே, அந்தத் தேன்காரி. சினூக். இந்தப் பக்கம் தேன் வாங்கித் தின்னிருக்கியா?"

ரேடியோ கரகரத்தது. "எங்க வீட்டு அலமாரியில உங்க பாட்டில்தான் இருக்கு" என்று வந்தது பதில்.

"அது தீரறதுக்குள்ள வா."

ஃபோர்ட் பெல்க்நாப் பூர்வகுடிப் பகுதிக்காரரான எல்டன் பெரிய உருவம், சின்னக் குரல். லாரியை ஓரமாக உருட்டி வந்து நிறுத்தினார். கண்ணாடியை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கி, நாலாயிரம் கேலன் இருக்கிறது, எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

"மழை மாதிரி வேணும்," என்றார் ஓரின். "வெள்ளம் மாதிரி வேண்டாம்."

பிறகு எல்டன் இறங்கினார். பின்னாலிருந்த குழாயை எடுத்து, வாயைக் கட்டை விரலால் அடைத்து, மேல் நோக்கிப் பிடித்தார். தண்ணீர் வளைந்து ஏறித் தூறலாக விழுந்தது. ஓரின் டிரெய்லரோடு ஒட்டி நடந்து, இங்கே, இன்னும் கொஞ்சம் உயரமாக, இங்கே என்று கையைக் காட்டினார். அவருடைய சட்டையும் தொப்பியும் தலையும் நனைந்து வழிந்தன. ஏறியிருந்த ரீங்காரம் பெட்டி பெட்டியாக இறங்கியது, ஒரு பெரிய வீட்டில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவதுபோல. வெளியே வந்தவை திரும்பி விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடின. மேலே சுற்றிக்கொண்டிருந்தவையும் மழைக்கு நடுவில் நிற்க முடியாமல் வலையில் இறங்கி, இடுக்கு வழியே உள்ளே போயின. முன்னால் படகுக்காரன் ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டு, கண்ணாடியில் மூக்கு அழுந்தப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிஞ்சியது ஷாவ்னாவின் பலகைதான். வழிகாட்டி வண்டி திரும்பிவிட்டது. ஆனால் அவளால் பலகையைத் திருப்ப முடியவில்லை. டெல்ஃபின் அங்கே வந்து நின்ற ஓரினிடம் தொப்பிக்காகக் கையை நீட்டினாள். அவர் கழற்றிக் கொடுத்தார். கையால் மெதுவாக, மாவை வழிப்பதுபோல, அவள் அந்தக் கூட்டத்தைத் தொப்பிக்குள் வழித்தாள். ஒன்றிரண்டு எஞ்சி நின்றன. "நீ திருப்பிக்கலாம், கண்ணு" என்றாள்.

ஷாவ்னா அவர்களை வரிசைக்கு முன்னால் போகச் சொன்னாள். அதனால் லோமா மேட்டில் அன்று படகுக்காரன் ஓரினுக்குப் பின்னால்தான் வர வேண்டியிருந்தது, தாண்டவும் வழியில்லாமல்.

தொப்பி டெல்ஃபினின் மடியில் இருந்தது. மேலே கைக்குட்டையைப் போட்டு மூடியிருந்தாள். பிக் சாண்டி ஊர் தெரிந்தபோது ஓரின்தான் ஆரம்பித்தார்.

"போன வருஷம் கண்ணாடியவே பாத்துட்டு வந்த."

"ஆமா."

"என்மேல கோவம்தான?"

டெல்ஃபின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "உன் காதுல மூணு தேனீ நடந்துட்டிருந்துச்சு. ஒண்ணு சட்டைக் காலருக்குள்ள போச்சு. நான் வாயத் திறந்தா நீ திரும்புவ, திரும்பினா கொட்டும், கொட்டினா வண்டி எங்க போவும்? அதான் உன்னப் பாக்காம கண்ணாடியப் பாத்தேன். எங்க சிரிச்சிடுவேனோன்னு வேற பயம்."

"வீட்டுக்கு வந்தும் ஒண்ணும் சொல்லல."

"உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு. என்கிட்ட ஏதோ கோவம்னு நான் நினைச்சேன்."

ஓரின் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வருடம். மான் சட்டம், தொட்டி, வேர்வை, எல்லாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எவ்வளவு டீசல் ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் எரிந்தது. தலையிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்ததால் அதைத் துடைப்பதில் ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டி ஏசியைப் போட்டார்.

"என்ன இது?" என்றாள் டெல்ஃபின்.

"மிச்சம் இருக்கு."

அவள் குனிந்து முள்ளைப் பார்த்தாள். "இவ்வளவையும் வெச்சு என்ன பண்ணப் போற?"

"யூசேபியோகிட்ட போய்த் தொட்டிய எடுத்துட்டு வரணும்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். தீவனப்புல் இன்னும் பூக்கவில்லை, சில நாளில் பூத்துவிடும். பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்து முடித்ததும் டெல்ஃபின் தொப்பியை ஒரு பெட்டியின் வாசலில் கவிழ்த்துத் தட்டினாள். தேனீக்கள் கொஞ்சம் தயங்கி, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நடந்தன, தாமதமாக வந்தவர்களைப்போல.

ஓரின் பழக்கப்படி டிரெய்லரைச் சுற்றி வந்து புறங்கையால் சக்கரக் குடங்களைத் தொட்டுக்கொண்டிருந்தார். கடைசிச் சக்கரத்தில் குனிந்திருந்தபோது அவருடைய பிடரியில் டெல்ஃபின் தன் புறங்கையை வைத்தாள். சற்று நேரம் எடுக்கவில்லை.

"இது ரொம்பச் சூடா இருக்கே," என்றாள். "ஒரு வருஷமா பிரேக் பிடிச்சிருந்திருக்கு."

ஓரின் நிமிரவில்லை. அவள் கை அங்கேயே இருக்கட்டும் என்று குனிந்தபடியே இருந்தார். முன்பே தொட்டுப் பார்த்த குடத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.